தலையில் ஒரு பட்டை: ஹேர்பேண்ட் ஃபேஷன் ஆன கதை

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஏதாவது ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைந்து "ஹேர்பேண்ட் குடுங்க" என்று கேட்டால், "எந்த பேண்ட்க்கா?" என்றுதான் பதில் வரும். குதிரைவால் போடுவதற்கான ரப்பர் வளையமும் அங்கே ஹேர்பேண்ட்தான். காதுக்குக் காது கவ்விக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் வளைவும் ஹேர்பேண்ட்தான். முதல் பிறந்தநாளுக்குக் குழந்தைக்கு மாட்டுகிறார்களே, பெரிய துணிப்பூ வைத்த எலாஸ்டிக் பட்டை, அதற்கும் அதே பெயர். மூன்றும் மூன்று அட்டைப்பெட்டியில் இருக்கும், பெயர் மட்டும் ஒன்று.

போன மாதம் அண்ணன் மகளோடு அங்கே போய்விட்டு வந்த பிறகு வீட்டில் ஒரு வாக்குவாதம். "இதெல்லாம் வெஸ்டர்ன் ஃபேஷன் அத்தை, நம்ம ஊர்ல எங்க இருந்துச்சு?" என்றாள் அவள். அம்மா விடுவாரா? அம்மாவின் வாட்ஸப் குழுவில் வந்த செய்தியின்படி, தலையில் பட்டை கட்டும் பழக்கமே இங்கிருந்து கப்பலேறிப் போனதுதான். இரண்டு பேர் சொன்னதும் தப்பு, இரண்டிலும் கொஞ்சம் உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அவர்களிடம் முழுசாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எது பட்டை, எது இல்லை

'தலைப்பட்டை' என்று இங்கே நான் சொல்வது, நெற்றியையோ தலையையோ சுற்றி ஓடும், ஆனால் தலையை மூடாத, ஒடுக்கமான பட்டை. துணியாக இருக்கலாம், பொன்னாக இருக்கலாம், பூவாகவும் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் தலைப்பாகையும் முண்டாசும் கணக்கில் வராது, அவை தலையை மூடுகின்றன. ரப்பர் பேண்டும் வராது, அது சுற்றுவது முடியை மட்டும்தான். நெற்றிச்சுட்டிதான் கொஞ்சம் தகராறு. வகிட்டில் தொங்குகிற வரை அது சுட்டி. இரண்டு பக்கமும் சங்கிலி கிளம்பி முடியோரமாக ஓடிவிட்டால் என் கணக்கில் அதுவும் பட்டைதான்.

நாடா, எலாஸ்டிக், கிளிப்

ஒரு பட்டை தலையில் எப்படி விழாமல் நிற்கிறது? மூன்றே வழி. மூன்றையும் மொட்டைமாடித் துணிக்கொடியிலேயே பார்த்துவிடலாம்: உள்பாவாடை நாடா, பைஜாமா எலாஸ்டிக், துணி மாட்டும் கிளிப்.

நாடா மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டுவது முதல் வழி. மனிதர்கள் பல ஆயிரம் வருஷம் பெரும்பாலும் இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். முடிச்சு பின்னால் விழும், மிச்ச முனை இரண்டும் பிடரியில் தொங்கும். பழைய சிலைகளிலும் நாணயங்களிலும் தலைக்குப் பின்னால் இரண்டு வால் தொங்குவதைப் பார்த்தால், அது கட்டிய பட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இரண்டாவது, எலாஸ்டிக். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கே திரும்பும் குணத்துக்கு மீள்தன்மை என்று பெயர். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1820-இல் கையுறை, காலுறை போன்றவை நழுவாமல் இருக்க ரப்பர் கீற்றுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கால ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது நம்பத்தக்க பொருளாயிற்று. 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான ஸ்பாண்டெக்ஸ் நூல் வந்தபின் துணியே எலாஸ்டிக் ஆகிவிட்டது.

மூன்றாவது கவ்வுவது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரப் பையன் ஒரு பிளாஸ்டிக் பேண்டை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து, உடைந்துவிடுமோ என்று நாம் பதறுகிற அளவுக்கு விரித்து, பட்டென்று விட்டான். அது துள்ளிப் பழைய வடிவத்துக்கே வந்தது. "பாருங்கக்கா, ஒடையாது." அவன் செய்து காட்டியதுதான் அந்தப் பேண்டின் மொத்த ரகசியமும். அதன் இரண்டு முனைக்கும் இடையே உள்ள இடைவெளி நம் தலையின் அகலத்தைவிடக் குறைவு. விரித்து மாட்டுகிறோம். மாட்டிய நிமிஷத்திலிருந்து அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடிக்கிறது, தலை குறுக்கே நிற்பதால் முடியவில்லை. அந்தத் துடிப்புதான் பிடி. துணி கிளிப்பில் தனியாக ஒரு ஸ்ப்ரிங் இருக்கிறது, இங்கே பேண்ட் முழுவதுமே ஸ்ப்ரிங்.

முழுப் பிடியும் காதுக்குப் பின்னால் இரண்டே இடத்தில் விழுவதால்தான் சாயங்காலம் அங்கே வலிக்கிறது. மருத்துவர்களின் தலைவலிப் பட்டியலில் வெளியழுத்தத்தால் வரும் தலைவலி என்று இதற்குத் தனி இடமே உண்டு. ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, பேண்ட் எல்லாம் அந்தக் கூட்டம்தான். எங்கள் பாட்டி தலைவலி வந்தால் துணியைக் கிழித்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். ஒரே பட்டை வலிக்கு மருந்தாகவும் இருக்கிறது, வலியைக் கொண்டும் வருகிறது.

ஆக, கட்டுவது மிகப் பழையது. எலாஸ்டிக்கும் கவ்வும் பிளாஸ்டிக்கும் கடந்த 200 வருஷத்துச் சரக்கு. ரங்கநாதன் தெருவில் தொங்குவதில் பெரும்பகுதி இந்தப் பின் இரண்டும்தான். அண்ணன் மகள் சொன்னதில் உள்ள உண்மை இவ்வளவே.

யார் கட்டிவிட்டது?

இப்போது அம்மாவின் பக்கம்.

கோயிலில் பரிவட்டம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவாமிக்குச் சாத்திய துணியை மடித்து ஒருவர் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். விலை என்று பார்த்தால் அந்தத் துணி ஒன்றுமில்லை. ஆனால் அதை நீங்களே கடையில் வாங்கி நீங்களே கட்டிக்கொண்டு சன்னதியில் போய் நின்றால் சிரிப்பார்கள். பிறர் கட்டிவிட வேண்டும், அதற்கு உரிமை வேண்டும். முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை நீதிமன்றம் வரை போன ஊர் நம்முடையது.

இதுதான் இந்தக் கட்டுரையின் சாவி. பிறர் கட்டிவிடும் பட்டை ஒன்று, தானே எடுத்துக் கட்டிக்கொள்ளும் பட்டை இன்னொன்று. முதலாவது மரியாதை. இரண்டாவதுதான் ஃபேஷன் ஆக முடியும்.

தமிழில் முதல் வகைக்குப் பெயர் பட்டம். இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் பி.ஏ., பி.காம். அல்லது கடற்கரைக் காற்றாடி ஞாபகம் வரும். ஆனால் நெற்றியில் கட்டும் பொன் தகட்டுக்கும் அதுவே பெயர். பட்டம் கட்டினால் அரசன். பட்டத்து ராணி, பட்டத்து யானை எல்லாம் அந்தத் தகட்டிலிருந்து பிறந்த பேச்சு. பல சமூகங்களின் கல்யாணங்களில் மணமக்கள் நெற்றியில் தாய்மாமன் மெல்லிய தகட்டைக் கட்டுவது இன்றும் நடக்கிறது. அதையும் 'பட்டம் கட்டுறது' என்றே சொல்கிறோம்.

6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை என்ற சமஸ்கிருத நூலில் பட்டத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அரசனுக்கு ஐந்து முகடு வைத்த பட்டம், இளவரசனுக்கும் அரசிக்கும் மூன்று, படைத்தலைவனுக்கு ஒன்று. இன்றைய காவல்துறைத் தோள்பட்டை நட்சத்திரங்களைப் போல, தலையைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிடலாம்.

இன்னும் பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. அந்தத் தொகுப்பு சேர்ந்த இடம் சென்னைதான். புதைக்கும்போதுகூட யாரோ ஒருவர் குனிந்து இன்னொருவர் நெற்றியில் அதைக் கட்டியிருக்கிறார். முதல்முறை கேட்டபோது எனக்கு அங்கேதான் மனசு நின்றது.

அப்படியானால் அம்மா சொன்னது சரியா? இல்லை. இதே கதை எல்லா ஊரிலும் தனித்தனியாக நடந்திருக்கிறது. மொகஞ்சதாரோவில் கிடைத்த, 'பூசாரி அரசன்' என்று அகழ்ந்தவர்கள் பெயர் வைத்த 17.5 செ.மீ. சிலையின் நெற்றியில் ஒரு பட்டையும் நடுவில் ஒரு வட்டமும் இருக்கின்றன, பின்னால் அந்த இரண்டு வாலும் தொங்குகின்றன. எகிப்தின் துட்டன்காமூன் மம்மியின் தலையில் பொன் பட்டம் இருந்தது. அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க அரசர்களுக்குக் கிரீடமெல்லாம் கிடையாது, தலையில் கட்டிய துணி நாடாதான் அரச சின்னம். அந்த நாடாவுக்கு அவர்கள் வைத்த டயடெமா என்ற பெயர், சுற்றிக் கட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது. நாம் பட்டம் கட்டினோம், அவர்கள் டயடெமா கட்டினார்கள். தலை எல்லா ஊரிலும் உருண்டைதான், யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

பூவும் பட்டைதான்

சங்க காலத்தில் தலையில் சூடிய மாலைக்குக் கண்ணி என்று பெயர், மார்பில் போட்டது தார். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போருக்குப் போனால் அதற்கும் பூ: ஆநிரை கவர வெட்சி, நேருக்கு நேர் மோதத் தும்பை, ஜெயித்தால் வாகை. தேர்தல் முடிவு அன்று செய்தித்தாள்கள் 'வாகை சூடினார்' என்று போடுவது இந்தத் தலைப்பட்டையைத்தான். கிரேக்கர்களும் ஒலிம்பியாவில் ஜெயித்தவனுக்குக் காட்டு ஒலிவக் கிளையை வளைத்துத் தலையில் வைத்தார்கள்.

புறநானூற்றின் 45-ஆம் பாட்டில் கோவூர்கிழார் இரண்டு சோழர்களிடம் சண்டையை நிறுத்தச் சொல்கிறார். அவர் வைக்கும் வாதமே தலையில் இருப்பதை வைத்துத்தான். உன் எதிரி பனந்தோடு சூடியவன் இல்லை, வேப்பந்தாரும் அணியவில்லை. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்கிறார். ஐபிஎல் நாளில் சேப்பாக்கம் வாசலில் மஞ்சள் ரிப்பனை நெற்றியில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும். தலையைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை வந்த பட்டைகள் பதவியைச் சொன்னன, வெற்றியைச் சொன்னன, எந்தக் கூட்டம் என்று சொன்னன. இவற்றில் எதையும் 'இந்த வருஷம் போடலாம், அடுத்த வருஷம் வேண்டாம்' என்று யாரும் நினைக்கவில்லை. ஃபேஷன் என்றால் அதுதான்: யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், அலுத்தால் கழற்றிவிடலாம். பட்டத்தை அலுத்துப்போய்க் கழற்றிய ராஜாவை நான் கேள்விப்பட்டதில்லை.

முடியை வெட்டினார்கள், பட்டை வந்தது

ஐரோப்பாவில் 1830-களிலேயே நெற்றியின் நடுவில் ஒற்றைக் கல் வைத்த மெல்லிய பட்டை பெண்களிடையே ஓடியது. அதன் பெயர் ஃபெரோனியேர். பார்த்தால் நம் நெற்றிச்சுட்டிக்குச் சித்தப்பா பெண் மாதிரி இருக்கும். 1871-இல் லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதைப் புத்தகம் வந்தது. அதில் ஜான் டெனியல் வரைந்த படங்களில் ஆலிஸ் முடியைப் பின்னால் தள்ளி ஒரு பட்டை கட்டியிருந்தாள். பிரிட்டனில் இன்றும் காதுக்குக் காது போடும் பேண்டுக்கு ஆலிஸ் பேண்ட் என்றுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால், 1865-இல் வந்த முதல் புத்தகத்தின் ஆலிஸுக்குப் பட்டையே கிடையாது.

1910 வாக்கில் பாரிஸின் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே தலைப்பாகைகளையும் இறகு செருகிய பட்டைகளையும் பணக்காரப் பெண்களின் தலைக்கு ஏற்றினார். அவர் மாதிரிக்கு எடுத்துக்கொண்டவற்றில் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த இந்தியத் தலைப்பாகைகளும் உண்டு. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. கப்பலேறிப் போனது என்று ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் இதைக் காட்டலாம், ஆனால் போனது தலைப்பாகை.

உண்மையான திருப்பம் கத்தரிக்கோலால் வந்தது. அமெரிக்க நடனக் கலைஞர் ஐரின் காசில் முதல் உலகப்போர் தொடங்கிய சமயத்தில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். வெட்டிய முடி கண்ணில் விழுமே? ஒரு முத்து மாலையை எடுத்துத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். அதுவே 'காசில் பேண்ட்' என்று பரவியது. 1920-களில் பாப் கட் ஊரெல்லாம் வந்ததும், நெற்றியை ஒட்டிய மணிப்பட்டைகளும் பின்னாலேயே வந்தன. பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனை சுசான் லாங்லென், விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 6 முறை வென்றவர், வண்ணப் பட்டுத் துணியை அகலமாக நெற்றியில் சுற்றி ஆடினார். டென்னிஸ் ஆடாத பெண்களும் அதே மாதிரி கட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார்கள். அந்த இடத்தில்தான் வேலைக்கான பட்டை ஃபேஷன் ஆகிறது: வேர்வையே இல்லாதவர் வேர்வைப் பட்டை கட்டுகிறபோது.

இதே சுழற்சி திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாம் உலகப்போரில் தொழிற்சாலைக்குப் போன பெண்கள் முடி இயந்திரத்தில் சிக்காமல் இருக்கத் தலையில் துணி கட்டினார்கள். 1960-களில் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ உப்பலாகத் தூக்கிய கொண்டைக்கு முன்னால் அகலப் பட்டை கட்டினார். ஹிப்பிகள் நெற்றியில் கட்டினார்கள். 1976 முதல் 1980 வரை விம்பிள்டனைத் தொடர்ந்து வென்ற பியோன் போர்க் பட்டை கட்டிய பிறகு ஆண்களுக்கும் கூச்சம் விட்டது. 1980-களின் உடற்பயிற்சி மோகம் அந்த டவல் துணிப் பட்டையை வரவேற்பறை வரை கொண்டுவந்தது. கடைசியாக 2018-இல் இத்தாலிய ஃபேஷன் நிறுவனம் பிராடா பஞ்சு அடைத்த தடிமனான சாட்டின் பேண்டைக் காட்டியது. அதன் மலிவு வாரிசுகள் கொஞ்ச நாளில் பாண்டி பஜார் நடைபாதைக்கும் வந்துவிட்டன.

எனக்குப் பிடித்தது 1985-இல் மெல்போர்னில் நடந்தது. இளவரசி டயானா, ராணி மேரியின் மரகதக் கழுத்தணியைக் கழுத்தில் போடாமல் நெற்றியில் கட்டிக்கொண்டு விருந்துக்கு வந்தார். பட்டத்துக்குரிய வீட்டு மருமகள், ஒருநாள் முறைப்படி தலையில் வைத்துவிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டியவர், அந்த இரவு நெற்றிக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான வருஷக் கதையும் அந்த ஒரு புகைப்படத்தில் இருக்கிறது.

நம் தலைக்கு ஏன் தாமதம்?

தமிழ்ப் பெண்களுக்குப் பேண்ட் அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பதே என் கணிப்பு. எண்ணெய் தடவி, படிய வாரி, மூன்று கால் போட்டு இறுக்கிப் பின்னிய சடை தானாகவே நிற்கும். முன்னால் பிரிகிற நாலு முடிக்கு ஒரு சைடு பின் போதும். மேலே ஒரு முழம் மல்லிகை. இதில் பேண்ட் எங்கே உட்காரும்? பரதநாட்டியத் தலைசாமானை மட்டும் விட்டுவிடுங்கள், சூரியன், சந்திரன், முடியோரத்தில் ஓடும் கல் பட்டை என்று மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் செட்டாகவே கிடைக்கும். ஆனால் அது மேடைக்கானது.

எங்கள் பள்ளி நாளில் ரெட்டைச் சடையும் மடித்துக் கட்டிய ரிப்பனும்தான். ரிப்பன் நிறத்தைப் பள்ளிதான் சொல்லும், அதுவும் ஒருவகைப் பட்டம் கட்டல். பேண்ட் போட்டது பாப் கட் அடித்த சின்னப் பிள்ளைகள் மட்டும். இப்போது எண்ணெய் போய் ஷாம்பு வந்தது, சடை போய் ஃப்ரீ ஹேர் வந்தது. பறக்கும் முடி கண்ணில் விழ ஆரம்பித்ததும் தாம்பரம் மின்சார ரயிலில் கிளிப்பும் பொட்டும் விற்கிறவர்களின் அட்டையில் பேண்டும் தொங்க ஆரம்பித்தது. 1920-களின் பாரிஸில் பாப் கட் செய்த வேலையை இங்கே ஷாம்பு செய்திருக்கிறது.

அண்ணன் மகள் அன்றைக்கு வாங்கியது கறுப்பு வெல்வெட் சுற்றிய பேண்ட், கவ்வும் வகை. வெல்வெட் சொரசொரப்பாக இருப்பதால் வழுக்காது, அந்த மட்டும் நல்ல தேர்வு. ஆனால் இரண்டாம் நாளே காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். "குடு இங்க" என்று வாங்கிய அம்மா, அதை விரித்துத் துவரம்பருப்பு டப்பாவின் மேல் மாட்டி, இரவு முழுக்க அப்படியே விட்டார். விரிந்தபடியே கிடந்தால் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், வலி குறையும்.

காலையில் காபிப் பொடி எடுக்க வந்த அண்ணன் அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏம்மா, பருப்புக்கு யாரு பட்டம் கட்டினது?"